இரண்டு கதவா, நான்கு கதவா?

கிரிக் பட்டணத்தைத் தாண்டியதும் சாலை மெல்ல மலையேறத் தொடங்குகிறது. பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை இது. நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். 1982இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சாலை போடப்பட்ட காலத்தில் இந்தக் காட்டுக்குள் கம்யூனிஸ்டு ஆயுதப் படையினர் இருந்தார்கள். திறந்த பிறகும் சில காலம் இரவில் இந்தப் பாதையில் போகத் தடை இருந்தது. இன்று இரவில் பயப்பட வேண்டியது யானைகளுக்குத்தான். 'யானை கடக்கும் இடம்' என்ற மஞ்சள் பலகைகள் இங்கே அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல.

கிரிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் தெமெங்கோர் ஏரி கண்ணில் படும். பேராக் ஆற்றின் குறுக்கே 1970களில் அணை கட்டியதால் உருவான ஏரி. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பாலத்தைக் கடந்தால் பண்டிங் தீவு. அங்கே படகுத்துறை. வடக்கே, 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் காடு. தோமான், செபாராவ் என்று இரண்டு மீன் பெயர்களைச் சொன்னால் போதும், கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தூண்டில்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலையில் அந்தப் படகுத்துறையின் வாகன நிறுத்துமிடத்தைப் பார்க்க வேண்டும். பனி இன்னும் விலகியிருக்காது. சேறு அப்பிய பிக்-அப் வண்டிகள் வரிசையாக நிற்கும். நாம் பேச்சுவழக்கில் 'ஃபோர் வீல்' என்று சொல்கிறோமே, அந்த வண்டிகள். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், நவாரா, ரேஞ்சர் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் பழைய வண்டிகள்தாம். பழைய பிக்-அப் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் விற்பனைக் கடைக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். எந்த வண்டியிலிருந்து யார் இறங்குகிறார்கள், என்ன இறங்குகிறது என்று கவனித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

போன தடவை என்னோடு வந்தவர் என் தங்கை கணவர். இப்போது அவரிடம் இருப்பது ஒரு மைவி. பழைய பிக்-அப் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வந்தது என்னுடைய சிங்கிள் கேபில். வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"எனக்கும் சிங்கிள் கேப்தான் மச்சான். பின்னால நீளம் கிடைக்குது. விலையும் கம்மி. மீன் பிடிக்கப் போற வண்டிக்கு நாலு கதவு எதுக்கு?"

"பிள்ளைங்க, மாப்ள?"

"அதுங்க எங்க காட்டுக்கு வரப்போகுது!"

அவருடைய மூத்த மகளுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு ஐந்து. ஏழு வருடக் கடன் என்றால், அது முடியும்போது மூத்தவளுக்குப் பதினைந்து. அப்பாவோடு காட்டுக்கு வர ஒரு பிள்ளை ஆசைப்படும் வயது முழுவதும் அந்தக் கடனுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கை நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வண்டிக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல் டபுள் கேப் பெரிய வண்டி, சிங்கிள் கேப் சின்ன வண்டி என்பதில்லை. ஒரே ரகத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே நீளம்தான், சுமார் 5.3 மீட்டர். ஒரே அளவு ரொட்டியை எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆட்கள் உட்காரும் இடம் கூடினால் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி குறையும். சிங்கிள் கேபில் தொட்டியின் நீளம் சுமார் 2.3 மீட்டர். டபுள் கேபில் 1.5 மீட்டர்தான். ஆகவே தாமான் வீட்டு முன்வாசலில் நிறுத்த இடம் போதுமா என்ற கவலை இரண்டுக்கும் பொது. சிங்கிள் கேப் வாங்கினால் எளிதாக நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எக்ஸ்ட்ரா கேப் என்று ஒன்று உண்டு. முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன இடம், தொட்டி சுமார் 1.8 மீட்டர். நம் நாட்டில் இது அரிது. ஆனால் கிரிக்கில் நின்றால் பார்க்கலாம். பெங்காலான் ஹுலு எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். அங்கிருந்து வரும் தாய்லாந்து எண்பலகை வண்டிகளில் இந்த வகை உண்டு. அந்தச் சின்ன இடம் ஆள் உட்காரச் சரிப்படாது. தூண்டில் பெட்டி, கேமரா, மாற்றுத்துணி ஆகியவற்றை மழையில் நனையாமல் பூட்டி வைக்கத்தான் அது. இரண்டே பேர் போகும் பயணத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே தேடிப்பிடிப்பது சிரமம் என்பதால், நம் கேள்வி பெரும்பாலும் இரண்டு கதவா நான்கு கதவா என்பதில் வந்து நிற்கிறது.

1.5 மீட்டர் என்பதைக் கையால் அளந்து பாருங்கள். பெரிய ஆள் அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது. பின்பலகையைத் திறந்து வைத்தால் இன்னும் ஓர் அரை மீட்டர் கிடைக்கும், ஆனால் பாதம் மழையில் இருக்கும். சிங்கிள் கேபில் தார்ப்பாய் கட்டிவிட்டு நேராகப் படுக்கலாம். தூண்டில் கம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் பிடிக்கும் ஏழு அடிக் கம்பு 2.13 மீட்டர். டபுள் கேப் தொட்டியில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தாலும் கிடைப்பது 2.1 மீட்டர்தான். ஒரு விரல்கடைக்காக முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வழி உண்டு: இரண்டாகக் கழற்றும் கம்பு வாங்கலாம், அல்லது வண்டிக்கு உள்ளேயே டேஷ்போர்டிலிருந்து பின் கண்ணாடி வரை நீட்டி வைக்கலாம். கம்புக்கு வழி இருக்கிறது. ஆனால் சிங்கிள் கேபில் பிள்ளைகளுக்கு வழியே கிடையாது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லோரியின் பின்னால் உட்கார்ந்து தைப்பூசத்துக்குப் போன ஞாபகம் இருக்கும். பாயும் சோற்றுப் பானையுமாக ஒரு லயமே அதில் ஏறும். அந்தக் காலத்தின் சந்தோஷம் உண்மைதான். அதற்காக இன்று பிள்ளைகளைத் தொட்டியில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. சட்டம் அனுமதிப்பதில்லை. மர லோரிகள் வளைவில் இறங்கும் இந்த மலைப்பாதையில் அறிவும் அனுமதிப்பதில்லை. 2020 ஜனவரி முதல் காரில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அந்த இருக்கையைச் சரியாகப் பொருத்தப் பின்வரிசை வேண்டும். சிங்கிள் கேபில் பின்வரிசை ஏது?

டபுள் கேபில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதன் தொட்டி பின் அச்சுக்கு நேர் மேலேயும் அதற்குப் பின்னாலும் அமைகிறது. தண்ணீர்த் தோம்பு, படகு இயந்திரம், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்பலகையை ஒட்டி ஏற்றிவிட்டு மலையேறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடி தளரும். கனமானதை ஓட்டுநர் முதுகுப் பக்கமாக ஒட்டி வைத்து, லேசானதைப் பின்னால் வைக்க வேண்டும். சிங்கிள் கேபில் தொட்டி அச்சுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவதால் பாரம் இரு சக்கரங்களுக்கும் ஓரளவு பிரியும். ஆனால் பாரமில்லாமல் ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். ஏறக்குறைய ஒரு டன் சுமக்கச் செய்த பட்டைச் சுருள் அது, ஒரு பைக்கும் ஒரு ஐஸ் பெட்டிக்கும் அசைந்து கொடுக்காது. முதுகுவலிக்காரர்கள் வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இனி, பழைய வண்டி என்ற விஷயம். இரண்டு வகை வண்டிகளுக்கும் முன்கதை வேறு வேறு. சிங்கிள் கேப் பெரும்பாலும் உழைத்த வண்டி. கேமரன் மலைக் காய்கறி, செம்பனைத் தோட்டத்து உரம், கட்டுமான இடத்துச் சிமெண்டு என்று எதையாவது சுமந்திருக்கும். உரமும் மீன் தண்ணீரும் இரும்பைத் தின்றுவிடும். தொட்டியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்க மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். குனிந்து, ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் சேசிஸ் சட்டத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டுப்போட்ட வெல்டிங் அடையாளம் இருந்தால் அதிக பாரம் ஏற்றிய வண்டி என்று பொருள். பட்டைச் சுருள் வளைவு இல்லாமல் தட்டையாகக் கிடந்தாலும் அதே பொருள்தான்.

டபுள் கேப் பெரும்பாலும் குடும்ப வண்டி, அல்லது காட்டு விளையாட்டு வண்டி. உயரம் தூக்கி, பெரிய டயர் மாட்டியது பார்க்க அழகு. ஆனால் என்னென்ன மாற்றினார்கள், எதற்கு அனுமதி வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்பதை நாமே பார்த்தோம். இருக்கையின் தண்டவாளத்தில் துரு, இருக்கை வார் முழுவதையும் வெளியே இழுத்தால் அடியில் மண் கறை, விரிப்பின் அடியில் நாற்றம் ஆகிய மூன்றும் பொய் சொல்லாது. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் வாகனச் சோதனை இதையெல்லாம் உங்களுக்காகத் தேடித் தராது. நல்ல மெக்கானிக் ஒருவருக்கு ஒரு தொகை கொடுத்துக் கூட்டிப்போவது லாபம்.

இரண்டு வகைக்கும் பொதுவானவை இரண்டு. ஒன்று, நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே இயங்குகிறதா என்பது. தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. மண் அல்லது சரளைப் பாதையில் போட்டு, 'லோ' கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடாத கியர் சமயத்தில் விழாது. இன்னொன்று டைமிங் பெல்ட். 2015 வரை வந்த ஹைலக்ஸ் டீசல் வண்டிகளில் இருப்பது பெல்ட். 1,50,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள். அறுந்தால் இயந்திரமே போய்விடும்.

எண்ணெய்ச் செலவைப் பொறுத்தவரை, கதவு எண்ணிக்கையால் பெரிய வித்தியாசம் வராது. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது இரு தரப்பாரும் சேர்ந்தே முணுமுணுத்தார்கள்.

நாங்கள் படகிலிருந்து திரும்பிய மாலையில் பக்கத்தில் நின்ற ஒரு டபுள் கேபிலிருந்து ஒரு மலாய்க் குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். தொட்டியில் இடம் போதாமல் கூடாரத்தைக் கூரையில் கட்டியிருந்தார்கள். கடைக்குட்டி தன்னைவிட உயரமான தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூரையில கம்பி போட எவ்வளவு ஆகும் மச்சான்?" என்றார்.

இரண்டு மாதம் தேடி ஒரு பழைய டி-மேக்ஸ் டபுள் கேப் எடுத்தார். நினைத்ததைவிட இரண்டு வருடம் பழைய வண்டி. அதே பணத்துக்கு நான்கு கதவு வேண்டுமென்றால் வயதில்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

என் சிங்கிள் கேபை நான் மாற்றப்போவதில்லை. என் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். என்னோடு வருவது ஒரே ஒரு நண்பர். எங்களுக்குத் தேவை நீளமான தொட்டியும் அதில் விரிக்க ஒரு பாயும்தான். அது எனக்குச் சரி, மாப்பிள்ளைக்கு இது சரி.

வாங்க நினைப்பவர்கள் ஒரு தாளை எடுத்து, கடைசியாகப் போன பத்துப் பயணங்களை எழுதுங்கள். யார் வந்தார்கள், என்ன சாமான், எங்கே தூங்கினீர்கள் என்று மூன்று வரிசை. பிறகு நான்காவதாக ஒரு வரிசை: வர ஆசைப்பட்டும் இடமில்லாமல் வீட்டில் நின்றவர்கள் யார்? அந்த வரிசை காலியாக இருந்தால் இரண்டு கதவு போதும். ஒரு பெயர் இருந்தாலும் நான்கு கதவு வண்டியைத் தேடுங்கள்.

வண்டி வந்ததும் பண்டிங்குக்கு ஒரு நடை போய் வாருங்கள். கிரிக்கிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் லெங்கோங்கில் பெக்காசாம் மீன் வாங்க மறக்க வேண்டாம், ஆனால் அதை மட்டும் தொட்டியில் வையுங்கள். இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். யானைக்கு எத்தனை கதவு என்ற கணக்கெல்லாம் தெரியாது.