துவைச்சல்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் பின்புறம், முன்பு விறகும் கால் ஒடிந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்த எட்டடிக்குப் பத்தடிக் கொட்டகையில், தொழிற்சாலை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே நான் ஓர் உலை வைத்தேன் என்றால், கிழவனுக்கு இதென்ன விபரீத ஆசை என்று வாசகர் நினைக்கக்கூடும். என் மனைவியும் அவ்விதமே நினைத்தாள், ஆனால் வாய்விட்டுச் சொன்னது, கொடியில் காயும் துணியில் கரிப்புகை படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுந்தான். முப்பத்தொரு வருஷம் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த ஒருவன், அதே காரியத்தைத் தன் சந்தோஷத்துக்காகவும் ஒருமுறை செய்து பார்க்க விரும்புவதில் அதிசயம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

உலை எங்கள் குடும்பத்துக்குப் புதிதுமன்று. என் தகப்பனார் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு சிற்றூரில் கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக்கொண்டிருந்த கொல்லர். 1950-களில் எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் உற்பத்தியாகத் தொடங்கி, சமுத்திரக் கரையோரம் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய நாட்களில், அறுவடைக்கு அறுவடை களத்தில் நெல்லாகக் கூலி வாங்கும் வாழ்வைவிட மாதச் சம்பளம் மேல் என்று கருதி, பட்டறையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். நானோ சம்மட்டியைத் தூக்கிப் பழகாமலே இரும்புத் தொழிலாளியானவன். நான் வேலை பார்த்த பகுதியில் உலையின் உஷ்ணத்தைக் காட்ட ஒரு மானி, எண்ணெயின் உஷ்ணத்துக்கு வேறொரு மானி, வெளியே வந்த சாமானின் கடினத்தை அளந்து சொல்ல ராக்வெல் யந்திரம் என்று சகலமும் இருந்தன. ஆகவே நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லும் கிராமத்துக் கொல்லரின் ஞானத்தை நான் அந்நாளில் மனத்துக்குள் பரிகசித்ததுண்டு. ‘துவைச்சல்’ என்ற வார்த்தையைத் தகப்பனார் உச்சரிக்கும்போதெல்லாம், நீங்கள் சொல்வது ஹார்டனிங்கா டெம்பரிங்கா என்று குறுக்குக் கேள்வி கேட்பேன். “எல்லாம் ஒண்ணுதாண்டா” என்பார். விஷயம் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வேன்.

உலையில் நான் அடிக்க நினைத்தது கத்திகளை; அவற்றுக்கு எங்கள் பிரதேசத்தில் இரும்பு தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக நிற்கும் கன்டெய்னர் லாரிகள், அளவு கடந்த பாரத்தாலும் சாலைக் குழிகளாலும் தங்கள் ஸ்பிரிங் பட்டைகளை ஒடித்துக்கொண்டேயிருக்கின்றன. பட்டை மாற்றும் கடைகளின் வாசலில் குவிந்து கிடக்கும் அந்த ஒடிசல்களை எடைக்கு வாங்கலாம். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி முதலாக நாடெங்கும் கொல்லர்கள் விரும்பி எடுப்பது இதைத்தான். அரை சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட கார்பனும், அதோடு சிலிக்கனோ குரோமியமோ ஏதோ ஒன்றும் சேர்ந்திருப்பதால், வளைந்து நிமிரும் குணமும் கூர் ஏற்கும் குணமும் ஒருங்கே அமைந்த உலோகம் இது. ஆயினும் ஒடிந்த பட்டை என்பது பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்து களைத்த பட்டை என்பதை மறந்துவிடக் கூடாது. நடு போல்ட்டுக்குத் துளையிட்ட இடத்தின் அருகே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் ஒளிந்திருக்கும். எனவே அப்பகுதியை ஒதுக்கிவிட்டு நுனிப்புறத்தையே வெட்டியெடுக்க வேண்டும். எடுத்ததையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிக் காயவைத்தால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெண்மையின்மேல் கறுத்த கோடாகக் கசிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலையில் கற்ற இந்தப் பரீட்சைக்கு இன்றுவரை நான் நன்றி பாராட்டுகிறேன்.

பட்டடையாக உபயோகிப்பது இரண்டடித் தண்டவாளத் துண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட ராயபுரத்துக்கு இவ்வளவு சமீபத்தில் குடியிருந்துகொண்டு வேறெதன்மேல் இரும்படிப்பது! ஆனால் ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கென்றே 1966-ல் ஒரு சட்டம் வந்திருப்பதால், பழைய இரும்புக் கடையில் அதை வாங்கிய ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு முன்ஜாக்கிரதையோடு நான் செய்த முதல் நல்ல கத்தி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் ஓர் அம்மாளுக்காகச் செய்தது. அவளிடம் நாங்கள் மீன் வாங்கத் தொடங்கிப் பல வருஷமாகின்றன; என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாதலால் அக்கா என்றே அழைப்பது வழக்கம். சிறு மீனுக்கு அரிவாள்மனை போதும். வஞ்சிரம், பாறை போன்ற பெரிய மீனைத் துண்டமிட வேண்டுமானால், புளியங்கட்டையின்மேல் மீனைக் கிடத்தி, கனத்த கத்தியை முதுகெலும்பின்மேல் நேராக வைத்து, கத்தியின் முதுகில் ஓர் உருட்டுக் கட்டையால் ஓங்கித் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தத் தட்டல் நூறு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் கேட்கும். அதற்கேற்ப ஒன்பதங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் கால் அங்குல முதுகுமாக அலகை அடித்து இழைத்து, காந்தம் ஒட்டாமற் போகிற உஷ்ணத்தையும் சற்றே தாண்டி, அதாவது எண்ணூற்று முப்பது டிகிரி சுமாருக்குப் பழுக்கவைத்து, கடலை எண்ணெயில் அமிழ்த்தினேன். (பட்டையைத் தண்ணீரில் இறக்குவது அபாயம், சில சமயம் ‘டிங்’ என்று மெல்லிய சப்தமொன்று கேட்கும், அதைக் கேட்டபின் கத்தியைத் தூக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. கடலை எண்ணெயில் உள்ள ஒரே அசௌகரியம், தெருவில் போவோரெல்லாம் நம் வீட்டில் பஜ்ஜி போடுவதாக எண்ணிக்கொள்வது.) பிறகு நூற்றெண்பது டிகிரியில் இரண்டு தடவை பதமாற்றி, பழைய சிநேகிதர் ஒருவர் தயவால் யந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது, முள் அறுபதுக்கு மிக அருகில் நின்றது. தேக்குப் பிடி போட்டு, பித்தளை ஆணி அறைந்து, வார்னிஷ் பூசி, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி, பட்டுப்புடவையைக் கொடுப்பவன்போல அந்தக் கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எட்டாம் நாள் அது திரும்பி வந்தது.

“இன்னாப்பா இது, கத்தியா கண்ணாடியா? வஞ்சிரம் முள்ளு பட்டதும் பல்லு பேந்துக்கிச்சு. சரின்னு கல்லுல போட்டா வழுக்கினு போவுது.”

“அக்கா, இது அறுபது...”

“அறுபதோ எழுவதோ, வெட்டலன்னா நான் இன்னா பண்றது?”

கத்தியின் வாயில் நெல்மணி அளவில் மூன்று இடத்தில் பேர்ந்திருந்தது. கட்டையால் அடித்த முதுகிலோ சிறு தழும்புகூட இல்லை. அவ்வளவு கடினமான முதுகு அடியின் அதிர்ச்சியைத் துளியும் வாங்காமல் முழுவதையும் வாய்க்கே அனுப்பிவிட்டது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. யோசிக்க யோசிக்க, முதுகை அவ்வளவு கடினமாக்கியதே அனாவசியம் என்பதும், பேர்ந்ததற்கு உண்மைக் காரணம் கூரின் பின்னால் நான் வைத்த மெல்லிய சரிவும் மிஞ்சிய கடினமுமே என்பதும் புலப்பட்டன. இதைக்காட்டிலும் என்னை அதிகமாக உறுத்தியது அவளுடைய இரண்டாவது குற்றச்சாட்டு. மீன் வெட்டுகிறவர்கள் கூர் மங்கியபோது சாணைக்காரனைத் தேடிப் போவதில்லை. பக்கத்தில் கிடக்கும் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் தெளித்துப் பத்து இழுப்பு இழுத்துவிட்டு மறு மீனை எடுப்பார்கள். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அந்தப் பத்து இழுப்பு நேரத்துக்குமேல் கிடையாது. நான் கொடுத்த கத்தியோ அந்தக் கல்லை மதிக்கவில்லை. என் பழைய தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரத்துக்கு எது சிரேஷ்டமோ அதையே கத்திக்கும் சிரேஷ்டம் என்று எண்ணியிருந்த என் கர்வம், அந்த எட்டு நாளில் மூன்று பல்லோடு பேர்ந்து விழுந்தது.

அப்பொழுதுதான் தகப்பனார் செய்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சிறு வயதில் அவரோடு ஊருக்குப் போயிருந்த சமயங்களில், பங்காளியின் பட்டறையில் பார்த்ததுண்டு: பழுத்த அரிவாளை அவர் முழுமையும் முக்கமாட்டார், வாய்ப்பக்கத்தை மட்டும் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தோய்த்து, முதுகில் சிவப்பு தணியுமுன்னரே வெளியே எடுத்து, செங்கல் துண்டால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து வெள்ளை கண்டதும் அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் தேங்கிய உஷ்ணம் மெள்ள மெள்ள வாயை நோக்கி இறங்கிவர, அந்த வெள்ளையின்மேல் முதலில் வைக்கோல் நிறம், அதன்பின் தேன் நிறம், அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் மயில்கழுத்து நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஓடிவரும். வேண்டிய நிறம் வாயைத் தொட்ட கணத்தில் முழுக் கத்தியும் உள்ளே போகும். கடினமாக்குவதும் அதைத் தணிப்பதும் ஒரே சூட்டில், ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. வாய் கூர் தாங்க, முதுகு அடி தாங்குகிறது. “எல்லாம் ஒண்ணுதாண்டா” என்றதன் அர்த்தம் எனக்கு விளங்க, அவர் காலமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகவேண்டியிருந்தது.

விளங்கியதேயன்றி, கைக்கு வரவில்லை. தேன் நிறத்துக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் நடுவே முப்பது டிகிரியே இடைவெளி; அதைக் கடக்க உஷ்ணத்துக்குச் சில விநாடி போதும். பகல் வெளிச்சத்தில் பழுத்த இரும்பின் நிறம் ஏமாற்றும் என்பதால் விளக்கு வைத்தபின்பே வேலை செய்ய வேண்டும். அந்த மங்கலில் ஓடும் நிறங்களைப் பிடிக்கக் கண் வேண்டும். கண்ணுக்கோ அறுபது வயது. தணிந்த தணலில் நிறம் எழும்பாமல் நின்றுபோனவை சில, கடற்காற்று குப்பென்று வீசியதும் கண்மூடித் திறப்பதற்குள் நீலம் பாய்ந்து மிருதுவாகிப்போனவை சில என்று அந்த வருஷம் நான் கெடுத்த அலகுகளை எண்ணிச் சொல்ல விரும்பவில்லை. கெட்டதையெல்லாம் பிடிகுறட்டில் வைத்து ஒடித்து உள்ளே பார்ப்பேன்: ஒடிந்த இடம் சலித்த சாம்பல்போல மிருதுவாக இருந்தால் சூடு சரி; சர்க்கரைபோல மினுமினுத்தால் அதிகம் காய்ச்சிவிட்டோம் என்று அர்த்தம். தேன் நிறம் முற்றிக் கத்தரிப்பூவுக்குத் திரும்பும் தறுவாயில் நிறுத்தினால், வஞ்சிரத்தின் எலும்புக்கும் பேராமல், காசிமேட்டுக் கல்லுக்கும் வழுக்காமல் நிற்கும் ஒரு வாய் கிடைக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். யந்திரத்தில் அது ஐம்பத்தாறைக் காட்டியது. அதன்பின் நான் அந்தச் சிநேகிதரைத் தொந்தரவு செய்யவில்லை.

தமிழனின் எஃகு உலகை ஆண்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். பெருமைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கொடுமணலின் உலைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஆதிச்சநல்லூர் இரும்பை எழும்பூர் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன். ஊட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த நம் உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் கட்டுரை படித்ததும், கொல்லர் மகனாகிய மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளருடன் சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடி 1820-ல் சோதனைகளை வெளியிட்டதும் மெய்யே. ஆனால் ஒன்று சொல்கிறேன், பெருமைக்காரர்கள் கோபிக்கக் கூடாது: ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கார்பன் செறிந்த அந்த மூசையுருக்கு, அக்காளின் கட்டையடிக்கு என் முதல் கத்தியைவிடச் சீக்கிரமாகப் பல்லிளித்திருக்கும். வாளுக்கு ஆனது மீனுக்கு ஆகாது. அவளுக்கு லாரிப் பட்டையே உத்தமம்.

பிடி விஷயத்திலும் நான் பாடம் படித்தேன். மீன் கோழையும் செதிலும் உப்புத் தண்ணீரும் சதா படிந்திருக்கும் கையில் மெருகேற்றிய தேக்கு விலாங்குபோல நழுவும். இரண்டாவது கத்தியைக் கொடுத்த மறுவாரம் போய்ப் பார்த்தபோது, என் வார்னிஷின்மேல் பழைய சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மனம் சற்று வருந்தியது உண்மை. பித்தளை ஆணியும் தவறு. உப்பு நீரில் பித்தளையோடு ஒட்டி நிற்கும் இரும்பு, தனித்து நிற்கும் இரும்பைவிட வேகமாக அரிக்கப்படும், ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து பிடி ஆடத் தொடங்கும். இப்போது இரும்பாணியே அறைகிறேன். பார்வைக்கு அழகில்லை.

வட சென்னையில் கத்தி செய்கிறேன் என்றால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆவதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர்க் கத்தியைச் சினிமாக்காரர்கள் மனித உடம்பின்மேல் மட்டுமே பிரயோகித்துக் காட்டுகிறார்கள். தினந்தோறும் விடியுமுன் அது எத்தனை மீனையும் எத்தனை கயிற்றையும் அறுக்கிறது என்பது படத்துக்கு உதவாத சங்கதி. ஆயுதச் சட்ட விதிகள் ஒன்பதங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது இரண்டங்குலத்துக்கு மேல் அகன்ற அலகைப் பற்றிப் பேசுகையில், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை விலக்கியே பேசுகின்றன. அந்த நியாயம்கூட ஜனங்களிடம் இல்லை. படத்தில் கண்டதைப் போல ஒன்று வேண்டுமென்று கேட்டுவந்த பையன்கள் இருவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அறுபத்தொரு நாள்தான் எனக்கு வேலை மிகுதி. சென்ற தடைக்காலத்தில் அக்காளின் கத்தி பிடி ஆடுகிறதென்று என்னிடம் வந்தது. ஏழு வருஷக் கல்லுக்கு இரையாகி, மூன்றங்குல அகலம் இரண்டுக்குச் சற்று மேலாகத் தேய்ந்திருந்தது. வாய் எங்கும் பேரவில்லை. ட்யூபைக் கழற்றி, உளுத்த தேக்கை எடுத்தெறிந்துவிட்டு, பூவரசம் பிடி போட்டு, இழைக்காமலும் மெருகிடாமலும் அதன்மேல் புது சைக்கிள் ட்யூபை நானே சுற்றிக் கொடுத்தேன்.