பின்சக்கர வண்டியும் குளிர்கால டயரும்

காவலூர்ல வளர்ந்தவனுக்கு டயர் மாத்துறதுன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு பஞ்சர் ஆகணும், இல்லன்னா மொட்டை ஆகணும். பட்டன் தேயாத, நல்லா ஓடிட்டு இருக்கிற நாலு டயரைக் கழட்டி ஓரமா வச்சிட்டு வேற நாலு போட்டேன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க. சிரிச்சாங்க.

கார் படத்தை குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டதும் சித்தப்பா கேட்டது: "ஏம்ப்பா, அலாய் வீலு பளபளன்னு இருந்துச்சே, அதைக் கழட்டிட்டு அம்பாசடர் மாதிரி இரும்பு ரிம்மு போட்டிருக்க? காசு ஏதாச்சும் முடையா?" அவர் பையன், அதான் என் தம்பி, அவன் பங்குக்கு, "அண்ணா, ஸ்போர்ட்ஸ் காருக்கு பால் வண்டி டயரா?"ன்னு ஒரு போடு போட்டான். அதுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுக்கிட்டே போச்சு. அதனால இங்க.

முதல்ல வண்டி. நான் இப்ப ஆணி பிடுங்குறது ஜெர்மனியில, ஜெனாங்கிற ஊர்ல. எங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. காவலூர் வான் ஆய்வகத்துல 1972-ல நிறுவின ஒரு மீட்டர் தொலைநோக்கி, கார்ல் சைஸ் ஜெனா செஞ்சது. அது அங்க போச்சு, நான் இங்க வந்தேன். கணக்கு நேர் :-) கார் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டே சீட்டு, துணிக் கூரை, எடை ஆயிரத்து நூறு கிலோ அளவுல. எஞ்சின் முன்னாடி, ஆனா வண்டியைத் தள்ளுறது பின் சக்கரம் ரெண்டும்தான். ஸ்போர்ட்ஸ் கார்னு பேர் பெருசா இருந்தாலும், எந்தச் சக்கரம் தள்ளுதுங்கிற விஷயத்துல இதுவும் எங்க ஊர் பிக்கப்பும் ஒரே சாதி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

குளிர்கால டயர்னா பனிக்கட்டியில ஓட்டுறதுக்கு மட்டும்னு நானும் இங்க வர்றதுக்கு முன்னாடி படிச்சதில்லை, கேட்டதில்லை. விஷயம் ரப்பர்ல இருக்கு. கோடைக்கால டயரோட ரப்பர் சூட்டுல உருகாம இருக்கணும்னு செஞ்சது. குளிர் ஏற ஏற அது இறுகிப் போயிடும். ஃபிரிட்ஜுல வச்ச ரப்பர் பேண்டு மாதிரி. சுமாரா 7 டிகிரிக்குக் கீழ போனா மாத்திடுன்னு இங்க ஒரு கைக்கணக்கு சொல்லுவாங்க. குளிர்கால டயர்ல ரப்பர் மிருதுவா இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு பட்டன்லயும் பிளேடால கீறின மாதிரி மெல்லிசா நிறைய வெட்டு இருக்கும். வண்டி அழுத்தும்போது அந்த வெட்டெல்லாம் விரிஞ்சு பனியைக் கவ்வும். பால் வண்டி டயர்னு தம்பி சொன்னதுல பாதி உண்மை. 1934-ல பின்லாந்துல, இப்ப நோக்கியன் டயர்ஸ்னு இருக்கிற கம்பெனி செஞ்ச உலகத்தோட முதல் குளிர்கால டயர் லாரிக்காகத்தான் செஞ்சது. கார் டயர் ரெண்டு வருஷம் கழிச்சு 1936-ல வந்துச்சு.

ஜெர்மனியில சட்டமும் இருக்கு. ஆனா "இந்தத் தேதியில மாத்து"ன்னு தேதி கிடையாது. ரோட்டுல பனியோ உறைஞ்ச ஈரமோ இருந்தா குளிர்கால டயர் இருக்கணும், அவ்வளவுதான். இல்லாம மாட்டினா 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்குல ஒரு புள்ளி. டயர் பக்கவாட்டுல மூணு முகடு மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கணும். வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்து மட்டும் இருந்தா 2024 அக்டோபர்ல இருந்து செல்லாது. மத்தபடி அக்டோபர்ல மாட்டு, ஈஸ்டருக்குக் கழட்டுன்னு ஜனங்க வச்சிருக்கிற வழக்கம்தான்.

சரி, ரிம் ஏன் தனியா? ஒவ்வொரு வருஷமும் ரெண்டு தடவை டயரை ரிம்முல இருந்து உரிச்சு மாட்டினா கூலியும் தண்டம், டயர் ஓரமும் பாழ். டயரோட சேர்ந்த நாலு சக்கரமா இருந்தா நாமளே ஜாக்கி போட்டு மாத்திக்கலாம். இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. அது அலாய் வீலை அரிக்கும். இரும்பு ரிம் துருப்பிடிச்சா யாரு அழப்போறா? அதோட, ரிம் ஒரு இன்ச் சின்னதா எடுத்தா டயரோட பக்கச்சுவர் உயரமா வரும், பள்ளத்துல அடி வாங்கினாலும் தாங்கும். என் கார்ல 17 இன்ச் இருந்துச்சு. இப்ப பழசா வாங்கினது 16 இன்ச், டயர் 205/50.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்த்தேன். நட்டு ஓட்டைகளோட எண்ணிக்கையும் வட்டமும் பொருந்தணும். நடு ஓட்டை அச்சுமுனையில சரியா உட்காரணும், லூசா இருந்தா ஸ்டீரிங் நடுங்கும். ரிம் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காருதுங்கிற அளவு ஒத்துப் போகணும். பிரேக் காலிப்பர் மேல இடிக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பெருசு, அதனால சின்ன ரிம் எல்லாம் உள்ளே நுழையாது. எந்த அளவு போடலாம்னு கார் ஆவணத்துலயே இருக்கு. அப்புறம் டயரோட வயசு. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 3123-ன்னா 2023-ம் வருஷம் 31-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நம்ம ஊர் டயர்லயும் இதே எண் இருக்கும். அடுத்த தடவை செகண்ட் ஹேண்டு டயர் வாங்கப் போனா பட்டனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

மாட்டுறது ஒரு மதிய வேலை. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுத்து தளர்த்தணும். ஜாக்கியில தூக்கினப்புறம் தளர்த்தப் போனா சக்கரம் சுத்தும், வண்டியும் ஆடும். பின்பக்கம் தூக்கும்போது இன்னொரு விஷயம். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை மட்டும்தான். அதைத் தூக்கிட்டா ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. அதனால முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்கணும். பழைய சக்கரம் கழண்டதும் அச்சுமுனைத் துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கணும். டயர்ல அம்புக்குறி இருந்தா அது முன்னோக்கிச் சுத்துற மாதிரி மாட்டணும். நட்டை வரிசையா முறுக்கக் கூடாது, எதிரெதிரா நட்சத்திரம் போடுற மாதிரி முறுக்கணும். இறக்கினப்புறம் டார்க் ரெஞ்ச் வச்சு, கார் கையேட்டுல சொன்ன அளவுக்கு முறுக்கி, ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை சரி பார்க்கணும். காத்து அடிக்கும்போதும் கணக்கு இருக்கு. 10 டிகிரி குளிர் கூடினா டயர்ல சுமார் 0.1 பார் குறையும். கழட்டின நாலுலயும் சாக்பீஸால "முன் இடது", "பின் வலது"ன்னு தமிழ்லயே எழுதி வச்சேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் அது ஏதோ மந்திரம்னு நினைச்சிருப்பார்.

இப்ப முக்கியமான இடம். என் கூட வேலை பார்க்கிற ஒரு நண்பர் கேட்டார், "பின் சக்கரம்தானே தள்ளுது, பின்னாடி ரெண்டு மட்டும் குளிர்கால டயர் போட்டா போதாதா? பாதிக் காசு மிச்சம்." நல்ல கேள்வி. ஒரு டயருக்கு பிடிப்புங்கிறது மாசச் சம்பளம் மாதிரி. அந்தத் தொகைக்குள்ளதான் தள்ளுறது, நிறுத்துறது, திருப்புறது மூணையும் பண்ணணும். வண்டி கிளம்புறதுக்கு மட்டும்தான் பின் டயர் வேணும். நிக்கிறதுக்குப் பெரும்பாலும் முன் டயர்தான் உழைக்குது, திரும்புறதுக்கு நாலும் வேணும். பின்னாடி மட்டும் போட்டா வண்டி ஜம்முனு கிளம்பும், வளைவுல ஸ்டீரிங்கைத் திருப்பினா நேராப் போயிட்டே இருக்கும். முன்னாடி மட்டும் போட்டா அதைவிட மோசம். மூஞ்சி திரும்பும், பின்பக்கம் வீசிடும். அதனால நாலும் ஒரே ஜாதி, ஒரே தேய்மானம்.

பின்சக்கர வண்டியில கூடுதலா ஒரு பொறி இருக்கு. ஆக்சிலேட்டரை மிதிச்சாதான் பின்பக்கம் வீசும்னு எல்லாருக்கும் தெரியும். மிதிக்காம விட்டாலும் வீசும். இறக்கத்துல கியரைக் குறைச்சு கிளட்ச்சை வெடுக்குனு விட்டா எஞ்சின் பிடிக்கிற பிடி முழுக்க பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். ரோடு வழுக்கலா இருந்தா அந்த ரெண்டு சக்கரமும் ஒரு நொடி சிக்கி நிக்கும். அந்த ஒரு நொடி வளைவுல வந்தா போதும். இங்க துரிங்கியா காட்டுல ஓபர்ஹோஃப்னு ஒரு ஊர், உயரம் கிட்டத்தட்ட 800 மீட்டர். காவலூர் 725 மீட்டர். உயரத்துல பெரிய வித்தியாசமில்ல, அங்க பனி, நமக்கு மழை. ஓபர்ஹோஃப் இறக்கத்துல ரெண்டாவது கியர்ல கிளட்ச்சை மெதுவா விட்டு இறங்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது ஆலங்காயம் இறங்குற வழிதான்.

அந்த ஞாபகத்தோடதான் தம்பிக்கு போன் பண்ணினேன். அவன் பிக்கப் ஓட்டுறான். காவலூர்ல இருந்து சாமை, புளி, பலாப்பழம்னு சீசனுக்கு ஏத்த மாதிரி ஏத்திக்கிட்டு ஆலங்காயம், வாணியம்பாடி போவான். லோடு இல்லாத நாள்ல வெறும் வண்டியா இறங்குவான். வெறும் பிக்கப்ல எடையெல்லாம் முன்னாடி, பின் சக்கரம் ரெண்டும் சும்மா ரோட்டைத் தடவிட்டு வரும்.

"டயர் எப்படிடா இருக்கு?"

"பின்னாடி ரெண்டும் மொட்டைண்ணா. முன்னாடி பாதி இருக்கு. ரெண்டு புதுசு சொல்லி வச்சிருக்கேன். முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி தள்ளிடலாம்னு கடைக்காரர் சொல்றாரு."

நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது இதான். புதுசு முன்னாடி. சித்தப்பா போனைப் பிடுங்கி காரணமும் சொன்னார்: "ஸ்டீரிங் எங்க இருக்கு? முன்னாடி. முன் டயர் வெடிச்சா வண்டி கையில நிக்குமா? முப்பது வருஷமா ஓட்டுறேன்யா." அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. பழைய ரீட்ரேடிங் டயரை முன்னாடி போடாதேன்னு லாரிக்காரங்க சொல்றதும் இதே பயத்துலதான்.

ஆனா மழை ரோட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. மிஷலின் மாதிரி டயர் கம்பெனிகளே சொல்றது, ரெண்டுதான் புதுசு வாங்க முடியும்னா பின்னாடி போடுன்னுதான். தண்ணியை வெளியே தள்ளுறது பட்டன் நடுவுல இருக்கிற பள்ளம்தான். தேய்ஞ்ச டயர் முதல்ல மிதக்கும். முன் டயர் மிதந்தா ஸ்டீரிங் லேசாகும், ஓட்டுறவனுக்கு உடனே தெரியும், தன்னால காலை எடுப்பான், வேகம் குறைஞ்சதும் பிடிப்பு திரும்பிடும். பின் டயர் மிதந்தா முன்னறிவிப்பு கிடையாது. தெரியும்போது வண்டி குறுக்கே நிக்கும். அப்ப பயத்துல பிரேக்கை மிதிச்சா இன்னும் சுத்தும். அதுவும் தள்ளுறதும் அந்தச் சக்கரம், கியர்ல பிடிக்கிறதும் அந்தச் சக்கரம்னா, அதுக்குத்தான் நல்ல டயர் வேணும்.

"வெடிக்கிறதுக்குக் காத்து கம்மி, ஓவர் லோடு, கிழட்டு ரப்பர், இதுதான் பெரும்பாலும் காரணம் சித்தப்பா. முன்னாடி இருக்கிறதுல அந்த நாலு இலக்க எண்ணைப் பார்த்துடுங்க, காத்தைச் சரியா வையுங்க. பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு இருக்கும், பட்டன் அது மட்டத்துக்கு வந்துட்டா அதுவும் குப்பைக்குத்தான்"னேன். நாலும் நானே வாங்கித் தரேன்னும் சொன்னேன். தம்பி ஒத்துக்கல. "நீ அனுப்புறது வீட்டு வேலைக்கே போவட்டும்ணா. ரெண்டு போதும், எங்க போடணும்னு மட்டும் சொல்லு."

அவனுக்குப் புரிய வச்சது என் பிசிக்ஸ் இல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து அவனே சொன்னான்: "அப்ப பின்னாடி மொட்டையைக் கழட்டி அங்கயே புதுசை மாட்டினா போதும். முன்னாடி கை வைக்கவே வேண்டாம். கூலியும் பாதி." அதேதான்டா ராசா!

குளிர்கால டயரை நம்ம ஊருக்கு யாரும் வாங்கிடாதீங்க. வாணியம்பாடி வெயில்ல அந்த மிருதுவான ரப்பர் சீக்கிரம் கரைஞ்சிடும், பிரேக் தூரமும் கூடும். ஊருக்கு ஏத்த ரப்பர், வண்டிக்கு ஏத்த இடம். மலை ரோட்டுல ஓட்டுற அண்ணன் தம்பி யாராவது இருந்தா, ஐப்பசி மழைக்கு முன்னாடி பின் டயரை ஒரு தடவை குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க.

பி.கு: புது டயர் ரெண்டும் பின்னாடி ஏறிடுச்சு. சித்தப்பா இன்னும் ஒத்துக்கல. "மழை முடியட்டும், அப்புறம் பேசறேன்"ங்கிறார். அவர் தோத்துட்டேன்னு சொல்லவே வேண்டாம். மழை முடியற வரைக்கும் அந்த வண்டியைப் பத்தி எந்தச் செய்தியும் வராம இருந்தா போதும்.