முதலில் டயர், பிறகுதான் எஞ்சின்

ஆட்டோகிராஸ் ஓட்டுவதற்காகப் பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் ஒன்றை வாங்கித் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். இத்தனை வருடம் கழித்தும் அந்த எஞ்சின் வேகமெடுக்கும் சத்தம் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

பார்க்கிறவர்கள் எல்லாம், "எக்ஸாஸ்ட் மாத்தலையா?" என்றே கேட்கிறார்கள். ஆட்டோகிராஸில் ஒவ்வொரு வண்டியாக, கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். அங்கே நேரத்தை மிச்சப்படுத்துவது பிடிமானம்.

அதனால் முதல் செலவு டயருக்கு. அடுத்தது பிரேக் ஆயில். புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறிவிட்டால் அது 155-க்கே இறங்கிவிடலாம். என் வண்டியில் இருந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது! புஷ், ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட் எல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சினில் இன்னும் கைவைக்கவில்லை.

"பட்டன் நல்லா இருக்கு, இன்னும் ஓடும்" என்று விற்றவர் சொன்ன டயர் 2014-இல் செய்தது. பழைய வண்டி வாங்கும் தம்பிகளே, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம்.