ஆறு பாட்டுக் கடன்

நவம்பர் 1

அலமாரியைக் குடைந்ததில் பழைய கேசட் ஒன்று கிடைத்தது. நிர்வாணா என்ற ராக் குழுவின் ‘எம்டிவி அன்பிளக்ட் இன் நியூயார்க்’. உறைக் காகிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. ஆல்பம் வெளிவந்ததும் ஒரு நவம்பர் 1-ஆம் தேதிதான், 1994-இல். போட்டுக் கேட்க வீட்டில் டெக் இல்லை. கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கேட்டேன்.

இதைக் கொடுத்த நண்பன் அன்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “சாகறதுக்கு முன்னாடி பாடினதுடா.” அதன்பின் எத்தனை தடவை கேட்டாலும் இழவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன். இந்த மாதம் அந்தப் பழக்கத்தை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நவம்பர் 3

தேதிகளை எழுதிப் பார்த்தேன். ஆல்பத்தில் உள்ள கச்சேரி நடந்தது 1993 நவம்பர் 18, மன்ஹாட்டனில் சோனி ஸ்டுடியோவில். எம்டிவி சானலில் வந்தது டிசம்பர் 16. குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தது 1994 ஏப்ரல் 5. முதலில் பார்த்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிற 26 வயதுப் பையனைத்தான் பார்த்தார்கள். கேசட்டாக வந்து சேர்ந்தபோதுதான் அது நினைவுச் சின்னமாகிவிட்டது. முதலில் மின்கிடார் கச்சேரிகளையும் சேர்த்து இரட்டை ஆல்பமாகப் போடுவதாக இருந்தார்கள். குழுவில் மிச்சமிருந்த இருவருக்கும் அந்த ஒலிநாடாக்களைக் கேட்டுத் தொகுக்க மனம் தாங்கவில்லை. இது மட்டும் தனியாக வந்தது.

ஆனால் இதைச் சாவுப் பாட்டாகக் கேட்கிற பழி முழுவதையும் நம் காதுமேல் போடவும் முடியாது. மேடைக்கு லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுவர்த்தியும் கண்ணாடிச் சரவிளக்கும் கேட்டது கோபேன்தான். சாவு வீடு மாதிரியா என்று தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி கேட்க, ஆமாம், அதேதான் என்றாராம். அவருடைய கேலி எப்போதும் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

நவம்பர் 6, ஞாயிறு

அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரியில் கிடார் வாசிக்கிறான். ஒரு ஹெட்போன் காதை அவனுக்குக் கொடுத்தேன். நாலாவது பாட்டு, டேவிட் போவியுடையது, பாதி போகும்போது நிறுத்தச் சொன்னான்.

“மாமா, இது அன்பிளக்டா? ஆம்ப் சத்தம் கேக்குதே.”

பயல் பிடித்துவிட்டான். அன்பிளக்ட் என்றால் மின் இணைப்பில்லாமல் வாசிப்பது. கோபேன் கையில் இருந்தது 1959-இல் செய்த மார்ட்டின் டி-18இ. தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தி வந்த மாடல். இடதுகைக்காரர் என்பதால் மாற்றி அமைத்தது. வெறும் மரச் சத்தத்தை நம்பி உட்கார அவருக்குப் பயம். ஆம்ப் இல்லாமல் முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். கொலெட்டி என்ன செய்தார் தெரியுமா? ஆம்ப்பை மறைக்க ஒரு மரப்பெட்டி செய்து, பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் மாதிரி காட்டிவிட்டார். பார்க்கிறவனுக்குத் தெரியாது, கேட்கிறவனுக்குத் தெரியும். அந்தப் பாட்டின் கிடார் இழை, ஓரம் பிசிறடித்த பட்டுத்துணி மாதிரி வருவது இதனால்தான்.

“அப்ப ஏமாத்து வேலைன்னு சொல்லுங்க” என்றான். ஏமாற்றுதான். ஆனால் பாட்டுக்கு அது வேண்டியிருந்தது.

நவம்பர் 9

டிரம்ஸ் மட்டும் கவனித்துக் கேட்டேன். டேவ் க்ரோல் தோலைக் கிழிக்கிற அடிக்குப் பேர்போனவர். ஒத்திகையில் அவர் சத்தத்துக்கு மற்ற எதுவும் எடுபடவில்லை. பிரஷ்ஷும் மெல்லிய குச்சிக் கட்டும் வாங்கி, கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி பொட்டலம் கட்டிக் கொடுத்தாராம் கொலெட்டி. அடக்கி வாசிப்பது அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! அன்று கூட வாசித்த லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ கேட்கிறதென்றால் அதற்கு க்ரோலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நவம்பர் 11

மொத்தம் 14 பாட்டு. அதில் 6 அடுத்தவர்களுடையது. நிர்வாணாவை ஊரெங்கும் தெரிய வைத்த ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ இல்லவே இல்லை.

நம் சபாவில் ஒரு பாகவதர் தியாகராஜரையும் தீட்சிதரையும் பாடாமல் சொந்தச் சாகித்யமே பாடினால்தான் முகம் சுளிப்பார்கள். ராக்கில் தலைகீழ். விற்ற பாட்டைப் பாடு, கூட யாராவது பெரிய நட்சத்திரத்தை ஏற்று என்பதுதான் சானல்காரர்களின் ஆசை. கோபேன் அழைத்து வந்தது அரிசோனாக்காரர்களான மீட் பப்பெட்ஸ் குழுவின் கர்ட் கிர்க்வுட், கிறிஸ் கிர்க்வுட் சகோதரர்களை. பாதிப் பேருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. அவர்களுடைய மூன்று பாட்டை வரிசையாக எடுத்துக்கொண்டார். கிடாரைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பாடினார். குரலுக்கு எட்டாத இடங்களில் குரல் கீறுகிறது, அப்படியே விடுகிறார். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பதினைந்து நிமிடத்தில் பத்து நிமிடம் இதுதான். இளையராஜா ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்: சுருதி சுத்தம் எல்லா இடத்திலும் வேண்டுமென்பதில்லை.

பாட்டுக்கு நடுவே பேசுவதும் அப்படித்தான். முதல் பாட்டை ஆரம்பிக்கும்போது, இது எங்கள் முதல் ரெக்கார்டில் உள்ளது, நிறையப் பேரிடம் அது கிடையாது என்கிறார். போவி பாட்டுக்கு முன்னால், இதை நான் சொதப்பப் போவது உறுதி என்கிறார். சாகத் தீர்மானித்த ஆள் பேசுகிற பேச்சா இது? புதுப் பாட்டைப் பழகாமல் மேடையேறிய பையனின் பேச்சு.

நவம்பர் 14

இன்று கடைசிப் பாட்டுக்கு முன்னால் உள்ள பேச்சை மட்டும் நாலு முறை ஓட்டினேன். லெட் பெல்லி தங்களுக்குப் பிடித்த பாடகர் என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொல்கிறார். லெட் பெல்லியின் கிடாரை 5 லட்சம் டாலருக்கு விற்க ஒருவர் வந்தாராம். தங்கள் ரெக்கார்ட் கம்பெனியை நிறுவிய டேவிட் கெஃபனிடமே வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாராம், நடக்கவில்லையாம்.

லெட் பெல்லி லூசியானாவில் பிறந்த கறுப்பினப் பாடகர். 1933-இல் நாட்டுப்பாடல் சேகரித்துவந்த ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் அவர் பாட்டை அங்கோலா சிறையில்தான் ஒலிப்பதிவு செய்தார்கள். 1949-இல் காலமானார். கோபேன் அவரிடமிருந்து எடுத்துப் பாடிய அந்தக் கடைசிப் பாட்டையும் அவர் இயற்றவில்லை. அமெரிக்க மலைநாட்டு ஜனங்களின் வாய்வழி வந்த பாட்டு. கடனுக்குள் கடன்.

அன்று மேடையில் கோபேன் வாசித்த மார்ட்டினை 2020 ஜூனில் ஏலம் விட்டார்கள். போன விலை 60 லட்சத்து 10 ஆயிரம் டாலர்.

நவம்பர் 18

கடைசிப் பாட்டு. கடைசி வரியில் ஒரு சொல்லுக்குப் பிறகு நின்றுவிடுகிறார். படத்தில் பார்த்தால், அதுவரை மூடியிருந்த கண்கள் அகலத் திறக்கின்றன. ஒரு மூச்சு. பிறகு மிச்சச் சொற்கள். அந்த மூச்சைத்தான் எல்லாரும் சாவோடு முடிச்சுப் போடுகிறார்கள். இத்தனை நாளாகக் காது கொடுத்ததில் எனக்கு அது வேறு மாதிரி படுகிறது: சற்று முன்புவரை கத்திக் கத்தி நெஞ்சு காலியானவன், எடுத்த வரியை முடிக்கக் காற்று தேடுகிறான்.

இன்னொரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இதைத் தாண்டி ஒன்றும் பாட முடியாது என்று மறுத்துவிட்டார்.

அக்கா மகன் ராத்திரி போன் செய்தான். நிர்வாணா கேட்கிறாயா என்றேன். இல்லை மாமா, மீட் பப்பெட்ஸ் என்றான். 1984-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைத் தேடி எடுத்திருக்கிறான். கோபேன் எடுத்த மூன்று பாட்டும் அதில்தான் இருக்கின்றன.