பீனாலும் தண்ணியும் ஒரு பி.காம் பையனும்

தலைப்பைப் பார்த்து ஓடிடாதீங்க மக்கா, நானும் டெபிட் கிரெடிட் பார்ட்டிதான். ரூம்மேட் கெமிஸ்ட்ரி. பிசிகல் கெமிஸ்ட்ரி அரியரை ரெண்டு தடவை எழுதிட்டான். அடுத்த வாரம் மூணாவது. இதுவும் போனா டிகிரி தள்ளிப் போகும். அவன் சத்தமா படிக்கிற ஆள், அதனால எனக்கும் பாடம் ஏறுது.

எண்ணெய் தண்ணியோட சேராது, ஆல்கஹால் சேரும். பீனால் ரெண்டுங்கெட்டான். 20 டிகிரியில பீனாலையும் தண்ணியையும் சரிபாதி குலுக்கி வைச்சா ரெண்டு அடுக்கா பிரியும். மேல் அடுக்கு தண்ணி, ஆனா அதுல 8 சதவீதம் போல பீனால். கீழ் அடுக்கு பீனால், ஆனா அதுல கால் பங்குக்கு மேல தண்ணி. சூடாக்க சூடாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரி ஆகிட்டே வந்து, சுமார் 66 டிகிரி தாண்டினா எந்த விகிதத்துலயும் ஒரே திரவம். ஆறவிட்டா திடீர்னு பால் மாதிரி கலங்கும். (கையில படாம பார்க்கணும், பீனால் தோலைப் பொசுக்கிடும்.)

பையன் மாட்டுற இடம் லீவர் ரூல். அதே வெப்பநிலையில, ரெண்டு அடுக்கும் இருக்கிற வரைக்கும், கூட பீனால் ஊத்தினாலும் எந்த அடுக்கோட கலவையும் மாறாது, அளவுதான் மாறும். 50 டிகிரியில தண்ணி அடுக்குல 11 சதவீதம் பீனால், இன்னொண்ணுல 63. 100 கிராம் கலவையில 37 கிராம் பீனால் இருந்தா எந்த அடுக்கு எவ்வளவு? 37-லேர்ந்து 11-க்கு 26, 63-க்கும் 26. ஆக ஆளுக்கு 50 கிராம். டேய், இது பேங்க் எக்ஸாம் அலிகேஷன்டா! ரெண்டு விலை அரிசியைக் கலக்குற அதே கணக்கு. அரிசின்னு சொன்னதும் அஞ்சு கணக்கை மடமடன்னு போட்டுட்டான்.

எனக்குப் பிடிச்சது மூணாவது ஆள் கதை. உப்பு தண்ணியில மட்டும் கரையும், பீனாலை அண்டாது. ஒரு சதவீதம் போட்டாலே அந்த 66, பத்து டிகிரிக்கு மேல ஏறிடும். ரெண்டு பக்கமும் ஒட்டுற சோப்பு மாதிரி ஆள் வந்தா இறங்கிடும். டெஸ்ட் ட்யூபைச் சரியா கழுவலைன்னா பிராக்டிகல் ரீடிங் காலி.

நிகோடின் இன்னும் விசித்திரம். 61 டிகிரி வரைக்கும் தண்ணியோட நல்லா கலந்திருக்கும். அதுக்கு மேல பிரிஞ்சிடும், ஏன்னா தண்ணியோட இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்பைச் சூடு உடைச்சிடுது. மூடின குழாய்ல 210 டிகிரி பக்கம் கொண்டுபோனா, அதே சூடு திரும்ப ஒண்ணா கலந்து வைச்சிடும்.