உருண்டை உருளட்டும்... மணிக்கட்டு ஓயட்டும்!

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அவரை எல்லோரும் ‘டி.டி.பி. அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரோரம் புரூஃப் கட்டுகள். தி.நகர் பதிப்பகங்களுக்குப் புத்தகம் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். பேஜ்மேக்கர் காலத்தில் ஆரம்பித்தவர், இப்போது இன்டிசைனில் வந்து நிற்கிறார்.

கார்த்திகை மாதம் ஒரு காலை. வாசல் தெளித்துவிட்டு, கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்தார். நாலாவது புள்ளி வைக்கும்போது கட்டைவிரலின் அடியில் சுரீர் என்றது. பொடி மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டு, நாலே கோட்டில் ஒரு கோலத்தை இழுத்துவிட்டு உள்ளே வந்தார்.

வலி புதிதல்ல. ஆடி மாதமே ஆரம்பித்திருந்தது. தோசைக்கல்லைத் தூக்கும்போது, ஈரத்துணி பிழியும்போது, பாட்டில் மூடியைத் திருகும்போது எட்டிப் பார்க்கும். இரவில் தைலம் தேய்த்துக்கொள்வார். காலையில் மறுபடி மவுஸ்.

புத்தக வேலை தெரிந்தவர்களுக்குத்தான் மவுஸின் பாடு புரியும். விட்டுப்போன ஒரு ‘ப்’ சேர்க்க ஒரு கிளிக். ஒரு காற்புள்ளியை எடுக்க ஒரு கிளிக். ஒரு பத்தியை அடுத்த பக்கத்துக்குத் தள்ள, அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும். எழுத்தாளர் நாலாவது புரூஃபிலும் மனம் மாறுவார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கை நகர்ந்தது என்று அக்கா எண்ணியதில்லை.

யாரிடமும் சொல்லவும் இல்லை. காரணம் உண்டு. பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் இந்தத் தொழிலுக்கு அறுவடை. ‘கை போச்சுன்னு தெரிஞ்சா, வேலை வேற கைக்குப் போயிடும்’ என்ற பயம். கையில் அப்போது இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒரு தடித்த நாவல், ஒரு கட்டுரைத் தொகுப்பு.

ஸ்கேன் அறையில் கண்டது

அந்த வாரம் மாமியாரை வயிற்று ஸ்கேனுக்காக அடையாறுக்கு அழைத்துப் போனார். இருட்டு அறை. டாக்டரின் வலது கை, ஜெல் தடவிய வயிற்றின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. அக்காவின் கண் போனது இடது கைக்கு. ஸ்கேன் மெஷினின் பலகையில் பாதி புதைந்த மாதிரி ஓர் உருண்டை. டாக்டர் அதை விரல் நுனியால் லேசாக உருட்ட, திரையில் அம்புக்குறி ஓடியது. கை இருந்த இடத்திலேயே இருந்தது.

“டாக்டர், அந்த உருண்டை என்னது?”

“டிராக்பால்மா. மவுஸ் மாதிரிதான். மவுஸ்னா அதை நகர்த்தணும், மேசையில இடம் வேணும். இது நின்ன இடத்துலயே நிக்கும், உருண்டை மட்டும் சுத்தும்.”

“அப்ப கை வலிக்காதா?”

டாக்டர் சிரித்தார். “நாள் பூரா ஸ்கேன் பண்றோம். எங்களுக்கும் தோள் வலி, கழுத்து வலி எல்லாம் உண்டு. இது மவுஸை விடக் கையை கம்மியா ஓட்டும், அவ்வளவுதான்.”

“ஏம்மா, என் வயித்தைப் பார்க்க வந்தியா, மெஷினைப் பார்க்க வந்தியா?” என்றார் படுத்திருந்த மாமியார்.

அன்றிரவு சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கணவருக்குக் கோபம். “ஆடி மாசத்துலேர்ந்தா? ஏன் சொல்லல?” மகள் ஒன்றும் சொல்லாமல் செல்போனை எடுத்து டிராக்பாலைத் தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மவுஸுக்கு மூத்தது

மகள் படித்ததில் வீட்டில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய சங்கதி, மவுஸை விட இந்த உருண்டைதான் வயதில் மூத்தது என்பது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946ல், பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் ராடார் திரையில் இடத்தைக் குறிக்க இப்படி ஓர் உருளும் பந்தை யோசித்தார். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே தெரியவில்லை. 1952ல் கனடா கடற்படையின் ‘டாட்டார்’ திட்டத்துக்காக டாம் கிரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் மூவரும் ஒரு கருவி செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, அந்த ஊரில் விளையாடும் பௌலிங் பந்து!

டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் மரப்பெட்டிக்குள் சக்கரம் வைத்து முதல் மவுஸைச் செய்தது 1964ல்தான். பிறகு மவுஸ் உலகத்தை வளைத்துப் போட்டது. உருண்டை, ராடார் அறையிலும் ஸ்கேன் அறையிலும் தங்கிவிட்டது. இடையில் 1980களின் தொடக்கத்தில் ‘மிஸைல் கமாண்ட்’, ‘சென்டிபீட்’ போன்ற வீடியோ கேம் மெஷின்களிலும், 1991ல் ஆப்பிளின் முதல் பவர்புக் மடிக்கணினிகளிலும் தலைகாட்டியது. 2006ல் வந்த பிளாக்பெர்ரி பேர்ல் போனின் நடுவில் ஒரு குட்டி முத்து இருந்ததே, அதுவும் இதன் வாரிசுதான்.

“நம்ம பழைய மவுஸுக்கு அடியில ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், கழட்டித் துடைப்போமே... அதைக் கவுத்துப் போட்டா இதுதான்” என்றார் கணவர். நெட் சென்டர் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

தி.நகரில் கிடைத்த பாடம்

வாங்கலாம் என்று முடிவானது. எங்கே? பாண்டி பஜார் பக்கம் இரண்டு கடைகளில் கேட்டார். மவுஸ் வரிசை வரிசையாக இருந்தது. டிராக்பால் என்றதும் கடைப் பையன், “ஆன்லைன்ல பாருங்க மேடம்” என்றான். ஆன்லைனில் பார்த்தால், சாதாரண மவுஸ் சில நூறு ரூபாய் என்றால் இது சில ஆயிரம். தொட்டுப் பார்க்காமல் அவ்வளவு பணத்தைப் போட அக்காவுக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் தி.நகரிலேயே இருக்கும் அக்கா மகன் நினைவுக்கு வந்தான். ஐ.டி. வேலை. போன் செய்தார்.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு சித்தி. சூப்பரா இருக்கும். ரெண்டு நாள் வச்சுப் பாருங்க, பிடிச்சா அதையே ஆர்டர் போட்டுடலாம்.”

அவன் கொடுத்தது கட்டைவிரலால் உருட்டும் ரகம். பார்க்க மவுஸ் மாதிரியே இருக்கும். இடது ஓரத்தில், பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை. கையை அதன் மேல் வைத்துவிட்டு, கட்டைவிரலை மட்டும் அசைத்தால் போதும். முதல் நாள் அக்காவுக்கு ஒரே குஷி. முழங்கை நகரவில்லை, தோள் இறுகவில்லை. இருபது பக்கம் ஓடியது.

இரண்டாம் நாள் மாலை, காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை.

‘நமக்கு எதுவுமே சரிப்படாது’ என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். கணவர் கேட்கவில்லை. மறுநாள் லஸ் பக்கம் ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். மகள், அந்த டப்பாவையும் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“உங்க கை சொல்றதைக் கேளுங்க”

டாக்டர் எக்ஸ்ரே எல்லாம் எழுதவில்லை. “கட்டைவிரலை உள்ளங்கையில மடக்குங்க. மத்த நாலு விரலால மூடிக்குங்க. இப்ப மணிக்கட்டை மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்ங்க” என்றார். பாதி சாய்க்கும் முன்பே அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கட்டைவிரலை அசைக்கிற தசைநாண் ரெண்டு, மணிக்கட்டு ஓரமா ஒரு சின்ன உறைக்குள்ள ஓடுது. அந்த உறை தடிச்சுப்போச்சு. டி குவெர்வெய்ன்னு சொல்வோம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குற அம்மாக்களுக்கும் வரும்.”

மகள் கொடுத்த டப்பாவை அக்கா எடுத்துக் காட்டினார். டாக்டர் உருண்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“நல்ல பொருள்தான். மவுஸை இழுத்து இழுத்துத் தோளும் முழங்கையும் வலிக்கிறவங்களுக்கு இது உதவலாம். ஆனா உங்களுக்கு நோவே கட்டைவிரல்ல. நோவுற விரலுக்கே முழு வேலையும் கொடுத்தா எப்படி? ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனா அது நரம்பு சம்பந்தப்பட்டது, அது வேற. எங்க நோவுதுன்னு தெரியாம எந்தச் சாமான் வாங்கியும் பிரயோஜனம் இல்ல.”

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஒன்று எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் விரலுக்கு ஓய்வு, பிறகு பயிற்சி. “வேலையை நிறுத்த முடியாதுன்னா குறைக்கவாவது செய்யுங்க” என்றார். டிராக்பால் வேண்டுமென்றால், நடுவில் பெரிய உருண்டை இருக்கும் ரகத்தைப் பார்க்கச் சொன்னார்.

அன்று வீடு திரும்பியதும் அக்கா ஒரு தாளில் எழுதினார். கட்டைவிரல் ரகம்: பெரும்பாலும் வலது கைக்கு மட்டும், பழக சுலபம், கட்டைவிரல் நன்றாக இருக்க வேண்டும். விரல் ரகம்: நடுவில் பெரிய உருண்டை, இரண்டு, மூன்று விரலால் உருட்டலாம், இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதை இடது கையிலும் வைக்கலாம், மேசையில் கொஞ்சம் அதிக இடம் வேண்டும். கடைசி வரியை எழுதும்போதே முடிவாகிவிட்டது. வலது கைக்கு ஓய்வு வேண்டும், இடது கை சும்மாதானே இருக்கிறது!

பருத்த எலுமிச்சை அளவு உருண்டை வைத்த ஒன்றை ஆர்டர் போட்டார்கள்.

ஒரு போன், ஒரு நஷ்டம்

பார்சல் வருவதற்குள் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை. பதிப்பாளருக்கு போன் செய்தார்.

“சார், கையில பிரச்னை. டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கார். ரெண்டு புக்ல ஒண்ணுதான் நேரத்துக்கு முடிப்பேன்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே... சரி, நாவலை நீங்களே பண்ணுங்க. கட்டுரைப் புக்கை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்.”

பயந்தது பாதி நடந்துவிட்டது. ஒரு புத்தகத்தின் கூலி போயிற்று, டிராக்பாலின் விலையும் சேர்த்து. ஆனால் போனை வைக்கும் முன் அக்கா துணிந்து ஒன்று கேட்டார். “திருத்தத்தை எல்லாம் எழுத்தாளர்கிட்ட மொத்தமா வாங்கி ஒரே தடவையா அனுப்புவீங்களா சார்?” இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. “அதுவும் நல்லதுதான். எனக்கும் பிரின்ட் அவுட் மிச்சம்” என்றார் அவர்.

இடது கை எழுந்தது

பார்சல் வந்த முதல் நாள், அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேலே போகச் சொன்னால் மூலைக்கு ஓடியது. ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கப் போய் ஒரு பக்கத்தையே அழித்து, மீட்டெடுத்தார். மூன்றாம் நாள் பொறுமை போய் மவுஸை எடுத்தவர், பட்டை கட்டிய கையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

சின்னச் சின்ன மாற்றங்கள் கைகொடுத்தன. செட்டிங்ஸில் அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்தாள் மகள். பத்தியைத் தேர்ந்தெடுக்க இழுத்துக்கொண்டே போகாமல், தொடக்கத்தில் ஒரு கிளிக், முடிவில் ஷிஃப்ட் அழுத்தி ஒரு கிளிக் என்று பழகினார். விண்டோஸில் ‘கிளிக்லாக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருமுறை கொஞ்சம் நேரம் அழுத்தினால், விரலை எடுத்த பிறகும் அழுத்திப் பிடித்த மாதிரியே இருக்கும். படங்களை நகர்த்த அது போதுமானதாக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் இடது கைக்கு வேலை பிடிபட்டது. பழைய வேகம் வரவில்லை. ஆனால் நாவல் குறித்த தேதிக்கு அச்சகம் போயிற்று.

உருண்டை ஒருநாள் திடீரென்று முரண்டு பிடித்தது. எடுத்துப் பார்த்தால், அது உட்காரும் மூன்று குட்டிப் புள்ளிகளில் தூசி அப்பியிருந்தது. துடைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது உருண்டைக்கும் ஒரு துடைப்பு உண்டு.

மார்கழி முழுக்க வாசல் கோலம் மகள் பொறுப்பில் இருந்தது. தை பிறந்து ஒரு காலையில் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டார். ஏழு புள்ளிக் கோலம்தான். கட்டைவிரல் முனகியது, கத்தவில்லை. பெரிய கோலங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

இப்போது அந்தச் சந்தில் கை வலி என்றால் அக்காவிடம்தான் வருகிறார்கள். போன வாரம் எதிர்வீட்டு ஆடிட்டர் வந்தார்.

“எந்த டிராக்பால் நல்லதுன்னு சொல்லுங்கக்கா, ஆர்டர் போட்டுடறேன்.”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“முதல்ல கையைக் காட்டுங்க. எங்க வலிக்குது?”