இசைவு தருபவர் யார்?

பிறர் இல்லத்தின் வாயிலில் நின்று ஸலாம் உரைத்து, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே செல்ல வேண்டுமென்பது திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயம் கற்பிக்கும் ஒழுங்கு. மதரஸாவில் இதனை நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே போதிக்கிறோம். ஆனால், அப்பிள்ளைகளின் கைப்பேசி வழியே நம் இல்லத்தினுள் நுழைவோர் யாரிடம் அனுமதி கேட்டனர்? பிள்ளை எதைப் பார்க்கிறது, எங்கிருந்து பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பனவற்றையெல்லாம் சமூக ஊடக நிறுவனங்கள் திரட்டி, அவற்றைக் கொண்டே விளம்பரத் தொழில் நடத்துகின்றன.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் வழியில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை உறுதிசெய்து பெற வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடா என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. இக்கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது. 1998-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் 13 வயதுக்குட்பட்டோரையே காக்கிறது. நம் சட்டத்தின் வேலி அதனினும் அகன்றது.

வேலி நன்று. அதன் திறவுகோல் பெற்றோர் கையில் தரப்பட்டிருப்பதும் நன்று. எனினும், மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அத்தா கரும்பு வயலில் இருப்பார். அல்லது கடல் கடந்து பிழைப்பார். கைப்பேசியில் ஆங்கில வரிகள் தோன்றினால், “இதில் என்னப்பா எழுதியிருக்கிறது?” என்று அம்மா மகனிடமே கேட்பார். “ஒன்றுமில்லை அம்மா” என்று அவனே பொத்தானை அழுத்திவிடுவான். காக்கப்பட வேண்டியவனே காவலனாகிவிட்டால், சட்டம் யாரைக் காக்கும்?

இதற்கும் அச்சட்டத்திலேயே வழியுண்டு. இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். தந்த இசைவைத் திரும்பப் பெறலாம். விவரங்களை அழிக்கச் சொல்லலாம். இவ்வுரிமைகளைப் படித்த இளைஞர்கள் ஜமாஅத்தில் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் எடுத்துரைத்தல் வேண்டும். பள்ளிச் சீருடையுடன் பிள்ளையின் படத்தை ஊரறியப் பரப்பும் பெற்றோரும் சற்றே நிதானிக்க வேண்டும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொருள் உணராமல் தரும் இசைவு, திறந்து கிடக்கும் கதவேயன்றி வேறன்று.